சகலையின் ஆக்ஸில்

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவனுக்கு, எல்லாமே தேடி வரும். டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் நாங்கள் அலையாய் அலைந்தும் கிடைக்காத மூலை வீடு அவனுக்கு வந்த உடனே கிடைத்தது. அமெரிக்காவுக்குப் பின்னால் வந்தவனுக்குக் கிரீன் கார்டும் எனக்கு முன்னால் வந்தது. அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அவன் ஹாட் ராட் வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஹாட் ராட் என்றால் அந்தக் காலத்துக் காரின் உடம்பு, உள்ளே ராட்சச எஞ்சின், முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஈரோட்டில் மெக்கானிக்கல் படித்த நாளிலிருந்து நான் ஏங்கிய வண்டி அது. வாங்கட்டுமா என்று கேட்டதற்கு என் மனைவி, பெண்ணின் காலேஜ் ஃபீஸை யார் கட்டுவது என்று ஒரே கேள்வியில் கதையை முடித்துவிட்டாள். சகலை படித்தது பி.காம். டயர் பஞ்சரானால் போன் பண்ணுகிற ஆள். அவன் வாங்கிவிட்டான், மாதுளை நிறத்தில். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த என் மனைவி, "சூப்பரா இருக்குல்ல?" என்று என்னிடமே கேட்டாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

தெருவில் எல்லோரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சுற்றினான். நீங்கள் ஓட்டிப் பாருங்கள் என்று என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக வாய்விட்டுக் கேட்பேனா? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமனார் வந்தார். சின்ன மாப்பிள்ளையின் காரைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்னும் பூஜை போடவில்லை என்று தெரிந்ததும் பதறிப்போய், அந்த வெள்ளிக்கிழமையே எல்லோரையும் கோயிலுக்குக் கிளப்பினார்.

கோயில் பார்க்கிங் லாட்டில் குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார். எங்கள் மினிவேனுக்கும் இதே பூஜைதான் நடந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக நகர்ந்து பழத்தை நசுக்கிவிடும். இவனோ, பழத்தின்மேல் ஏற்ற வேண்டுமே என்று ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். வண்டி பாய்ந்துபோய் எதிரே இருந்த சிமென்ட் கட்டையில் ஒரு பக்கமாக மோதி நின்றது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை. வலது முன்சக்கரம் மட்டும் கால் சுளுக்கியதைப் போலச் சாய்ந்திருந்தது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொல்லக் கூடாதுதான், ஆனால் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

குனிந்து பார்த்தேன். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் வளைந்திருந்தது. சூடு காட்டி நிமிர்த்திவிடலாமாம், சகலை வீடியோவில் பார்த்தானாம். அது உள்ளே கூடான குழாய், நிமிர்த்தினால் ஃப்ரீவேயில் போகும்போது பிளந்துகொள்ளும், புதுசுதான் போட வேண்டும் என்றேன். அப்படியே, நானே போட்டுத் தருகிறேன், ஆனால் வேலை முடிந்ததும் முதலில் நான்தான் ஓட்டுவேன் என்றும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இதுக்கெல்லாம் ஒரு கண்டிஷனாண்ணா?" என்று சிரித்தான்.

டெக்சாஸ் வெயிலில் அவன் கராஜ் அடுப்பாகக் கொதித்தது. சனிக்கிழமைகளில் நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். சக்கரத்தை ஆக்ஸிலோடு கோத்திருந்த கிங்பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சகலை போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு, நடுவில் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார், சின்ன மாப்பிள்ளை வெயிலில் நிற்கிறாரே என்று வருத்தப்பட்டார். அடியில் கிடந்தவன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

புது ஆக்ஸிலை மாட்டியாயிற்று. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று டயர்களில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்து அளந்தேன். லேசாக ஒரு பக்கம் இழுக்கும்படி விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கெட்ட எண்ணம் எட்டிப் பார்த்தது. கை கேட்கவில்லை. மறுபடி அளந்து, மறுபடி திருகி, சரியாக வந்த பிறகுதான் எழுந்தேன்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் மாமனார் எலுமிச்சம்பழங்களோடு தயாராக நின்றார். நான் கதவைத் திறக்கப் போனபோது, "பழத்துமேல ஓனருதானுங்க ஏத்தோணும்" என்றார். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியும்.

"இல்லீங்க மாமா, அண்ணாதான் ஓட்டறார்" என்று சொல்லிச் சகலை சாவியை என் கையில் வைத்தான்.

பழங்கள் சத்தமில்லாமல் நசுங்கின. ஏரியைச் சுற்றியுள்ள ரோட்டில் ஓட்டினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்தேன். வண்டி நூல் பிடித்தது போல் நேராகப் போனது. அடடா, என்ன வண்டி! இருபத்தைந்து வருஷத்து ஏக்கம், என் கையால் போட்ட ஆக்ஸில், இன்று மாலை முதல் அவன் ஓட்டப் போகிறான். கொஞ்சமாவது ஒரு பக்கம் இழுத்துத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

திரும்பி வந்து சாவியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வச்சுக்கங்கண்ணா. ஒரு வாரம் ஆசை தீர ஓட்டிட்டுக் குடுங்க. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மாப்பிள்ளை, என்ன ஒரு மனசு! இந்தக் காலத்துல யாருங்க குடுப்பாங்க?" என்றார் என்னிடம். என் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். என் நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

டேங்கை நிரப்பி, வண்டியை மறுநாளே கொண்டுபோய் விட்டுவிட்டேன். அதற்குள்ளாகவா என்று அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்த வண்டி என்னுடையதாக இருந்திருந்தால் சாவியை அவனிடம் கொடுத்திருக்கவே மாட்டேன். இவ்வளவு நாள் காருக்காக எரிந்தேன். இப்போது அவன் மனசுக்காகவும் எரிய வேண்டியிருக்கிறது.