கண்ணாடிக்குள் லைஸ்பெத்

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் கண்ணாடிதான். கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்காலுக்கு வாய்க்கால் கண்ணாடிக்குடில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். என் குடிலுக்கும் லைஸ்பெத்தின் குடிலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மட்டும். இருபத்தெட்டு வருடம் அவள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. வடக்கே க்ரோனிங்கன் பக்கத்து வாத்தியார் மகள். க்ரைனைக் கல்யாணம் செய்துகொண்டு 1967இல் இங்கே வந்தாள். க்ரைன் நல்ல உயரம், பாட்டுப் பாடிக்கொண்டே தக்காளி பறிப்பவன். நான்கு வருடம் நன்றாகத்தான் ஓடியது. 1971 மே மாதம் வெயில் தாங்குவதற்காகக் கூரைக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏறியவன், கால் வழுக்கி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தான். சத்தம் கேட்டு வாய்க்காலைத் தாண்டி முதலில் ஓடியவன் நான். அதன் பிறகு அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை.

நிலமும் குடிலும் க்ரைனின் அப்பா ஆரென்ட் பேரில் இருந்தன. முன் வீட்டில் அவர், பின் வீட்டில் இவர்கள். ஆரென்ட் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தான் செய்தது போலவே உலகம் செய்ய வேண்டும் என்று நினைப்பவர். குடலிறக்கம் வந்து பாரம் தூக்க முடியாமல் போனதும், மருந்து அடிக்கும் பம்பை மருமகளிடம் நீட்டினார்.

தக்காளி இலையின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈக்கு மருந்து அடிக்கும் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ரப்பர் கோட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியிலிருந்து பின்னால் நடந்தே வரவேண்டும். முன்னால் நடந்தால் அடித்த புகைக்குள் நாமே போய் நிற்போம். பத்து நாளைக்கு ஒரு முறை, பிறகு வாரத்துக்கு ஒரு முறை. ஈக்கு மருந்து பழகிவிட்டது. லைஸ்பெத்துக்குப் பழகவில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தாள். தபால்காரரின் பெயரை மறந்துபோய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

1976 ஜனவரியில் டாக்டர் அவள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இன்னொரு சீசன் இந்த மருந்த அடிச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல. வேலைய விட்டுடுங்க" என்றார்.

"விட்டுட்டு?" என்று கேட்டாளாம்.

நடக்க முடியாத புருஷன், மாமனார் பேரில் நிலம், கூலிக்கு ஆள் வைத்தால் இரண்டு மாதத்தில் பெரிய குடில்காரன் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவளுடைய அக்கா வடக்கே ஊரிலிருந்து "வந்துவிடு" என்று எழுதினாள். லைஸ்பெத் அந்தக் கடிதங்களுக்கெல்லாம் வானிலையைப் பற்றிப் பதில் எழுதினாள்.

குளவியைப் பற்றி அவள் தோட்டக்காரர்களுக்கு வரும் வாரப் பத்திரிகையில்தான் படித்தாள். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும் குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. மார்ச்சில் தபாலில் வந்தது. ஒரு கட்டு அட்டை, அதில் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உள்ளே குளவி வளரும் ஒரு செத்த ஈக்குஞ்சு.

ஆரென்ட் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிளகத் தூவி அனுப்பிச்சிருக்கான். சூப்புல போடு."

"அப்பா, மூணு மாசம் டைம் குடுங்க."

"மூணு மாசத்துல ஈ உன்னையே தூக்கிட்டுப் போயிடும்."

க்ரைன் தன் அப்பாவை அழைக்கும் முறையிலேயே அவளும் அவரை அப்பா என்பாள். அன்றைக்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவள் செடிக்குச் செடி அட்டைகளைத் தொங்கவிட்டாள்.

அவருக்கு மிகவும் எரிச்சல் மூட்டியது இலைகள்தான். தக்காளிச் செடியின் அடியிலைகளைக் கிள்ளி உடனே வெளியே கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். குடிலின் தரை சுத்தமாக இருந்தால்தான் மரியாதை. குளவி முட்டை வைத்த குஞ்சுகள் அந்த அடியிலைகளில்தான் கறுத்துக்கிடக்கும். அவற்றை வெளியே கொட்டினால் குளவியையும் கொட்டியதாகும். அதனால் லைஸ்பெத் கிள்ளிய இலைகளை நடைபாதையிலேயே வாடவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வருபவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குப்பைமேட்டுக்கு நடுவுல குடித்தனம் பண்றா" என்று என் மனைவியே சொன்னாள்.

அடுத்து நடந்த தவறு என்னுடையது. மே கடைசியில் என் தக்காளியில் ஈ ஏறிவிட்டது. மேற்குக் காற்று வீசிய ஒரு காலையில், புழுக்கம் தாங்காமல் கூரை ஜன்னல்களைத் திறந்துவைத்தே மருந்து அடித்தேன். அவள் குடிலின் ஜன்னல்களும் திறந்திருந்தன. மருந்து காற்றில் அங்கே போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஒரு நாள்தானே என்று அடித்தேன்.

மறுநாள் அவள் வாய்க்காலின் அந்தக் கரையில் வந்து நின்றாள். கையில் ஒரு பூதக்கண்ணாடி.

"சீம், நேத்து அடிச்சியா?"

"அடிச்சேன்."

"என் பக்கம் பத்து வரிசையில ஒரு குளவி உயிரோட இல்ல. சொல்லிட்டு அடிச்சிருக்கலாமே. ஜன்னலையாவது சாத்தியிருப்பேன்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை நான் மருந்து பம்பைத் தொடவில்லை. அந்த வருடம் என் தக்காளியில் பாதி கறுத்துப்போனது, அது எனக்கு வேண்டியதுதான்.

குளவி செத்த பத்து வரிசையில் ஈ பெருகியது. செடியைத் தட்டினால் வெள்ளையாகப் பறந்தது. ஈ விட்ட பிசுபிசுப்பில் கரும்பூஞ்சணம் படிந்து காயெல்லாம் அடுப்புக்கரி பூசியது போல ஆயிற்று. அவள் புதிய அட்டைகளை வரவழைத்துத் தொங்கவிட்டாள். குளவி வெளியே வந்து, முட்டை வைத்து, குஞ்சு கறுப்பதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பாள், வெள்ளை. சாயங்காலம் பார்ப்பாள், வெள்ளை.

"மருந்துன்னா அடிச்சோம், முடிஞ்சதுன்னு போயிடலாம்" என்றாள் என்னிடம் ஒருமுறை. "இதுல கையக் கட்டிப்போட்டுட்டுப் பாருன்னு உட்கார வெச்சுடறாங்க."

ஜூன் இருபதாம் தேதி வாக்கில், காலைக் காப்பிக்குப் பிறகு, ஆரென்ட் கொட்டகையிலிருந்து மருந்துப் பீப்பாயைத் தள்ளுவண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தார். லைஸ்பெத் அவரைக் கண்ணாடி வழியே பார்த்தாள். நேராக வாசலுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டினாள்.

"கதவத் திற, லைஸ்பெத்."

"மாட்டேன்ப்பா."

"இது என் குடில்."

"தெரியும். நீங்க அடிக்கணும்னா நான் உள்ள இருக்கறப்பவே அடிங்க."

அன்றைக்குக் கொளுத்தும் வெயில். அந்தக் கோடை மழையே இல்லாத கோடை. உள்ளே நாற்பது டிகிரிக்கு மேல் இருந்திருக்கும். அவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். நான்கு பக்கமும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள இடமில்லை. நான் இந்தக் கரையில் வேலையைப் போட்டுவிட்டு நின்றேன். பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்திச் சிலர் பார்த்தார்கள். ஆரென்ட் தட்டினார், கத்தினார், பிறகு கண்ணாடியை உடைப்பதற்கு ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தார்.

அப்போதுதான் க்ரைன் வந்தான். பின் வீட்டிலிருந்து குடில் வரை பலகைப் பாதை. அதில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து சேர அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சட்டையெல்லாம் வியர்வை.

"உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு" என்றார் ஆரென்ட்.

க்ரைன் நாற்காலியைத் திருப்பி, முதுகு கதவில் படும்படி நிறுத்தி, பிரேக்கைப் போட்டான்.

"என்னத் தள்ளிட்டு உள்ள போங்கப்பா."

ஆரென்ட் மண்வெட்டியைத் தள்ளுவண்டியில் சாய்த்தார். பீப்பாயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகும் லைஸ்பெத் கதவைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருவரும் அதுவரை உட்கார்ந்திருந்தார்கள். க்ரைனின் நெற்றி வெயிலில் தோலுரிந்துவிட்டது.

ஜூலை முதல் வாரத்தில் இலைகள் கறுத்தன. அவள் எனக்கு ஓர் இலையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினாள். நான் தாண்டிப் போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பத்துக் குஞ்சுக்கு எட்டு கறுப்பு. எஞ்சிய காய்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து ஏலத்துக்கு அனுப்பினாள். நானும் என் மனைவியும் துடைக்கப் போனோம். அதைவிட வேறு விதமாக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆரென்ட் அறுவடை முடியும் வரை அவளிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் அட்டைகள் வந்தபோது, தபால் பொட்டலத்தை அவரே கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

இதோடு அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நான் பார்த்தது அப்படியில்லை. கை நடுக்கம் நின்றது, அது உண்மை. ஆனால் மருந்து அடிக்கிறவன் மூன்று நாள் வெளியூர் போகலாம். குளவி வைத்திருப்பவள் போக முடியாது. எந்த மூலையில் ஈ ஏறுகிறது, எங்கே குளவி போதவில்லை என்று தினமும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அக்கா படுத்த படுக்கையானபோது லைஸ்பெத் காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்பிவந்தாள்.

ஆரென்ட் 1987இல் காலமானார். நிலம் க்ரைன் பேருக்கு வந்தது. "இப்பவாவது வித்துட்டுப் போகலாமே" என்று கேட்டேன்.

"பதினோரு வருஷமா கத்துக்கிட்டத எவன்கிட்ட வித்துட்டுப் போறது?" என்றாள்.

தக்காளியை விட்டுக் குடைமிளகாய்க்கு மாறினாள். குடைமிளகாயில் இலைப்பேன் தொல்லை. அதைத் தின்கிற ஒருவகைச் சிலந்திப்பேனைத் தவிட்டோடு கலந்து சின்னச் சின்னப் பைகளில் விற்றார்கள். ஆயிரக்கணக்கான பைகளைச் செடிக்கு ஒன்றாக அவள் கையால் மாட்டினாள். இரண்டாம் வருடம் தும்மல் வந்தது. மூன்றாம் வருடம் இழுப்பு. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்ப்பேன்.

இந்தத் தடவை வேறு டாக்டர், இளைஞர். தோலில் சின்னச் சின்னதாகக் கீறிச் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒத்துக்காதது அந்தச் சிலந்திப்பேன்தான். குடிலுக்குள்ள போகவே கூடாது" என்றார்.

லைஸ்பெத் சிரித்தாளாம். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் தண்ணீர் கொண்டுவரும் வரை நிற்கவில்லையாம். பழைய மருந்துக்குத் திரும்ப அவள் ரத்தம் விடாது. சிலந்திப்பேனைத் தொட மூச்சு இடம் கொடுக்காது. க்ரைனிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. "சளி" என்றாள். வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு சீசன் பைகளை மாட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு அது சளி இல்லை என்று தெரியும். கடைசியில் நான்தான் க்ரைனிடம் போய்ச் சொன்னேன்.

அவன் அவளைக் கேட்காமலே விற்றான், 1995 இலையுதிர் காலத்தில். வாங்கியவர்கள் இரண்டு குடில்களையும் சேர்த்து இடித்து ஒரே பெரிய குடிலாகக் கட்டினார்கள். என்னுடையதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். லைஸ்பெத் ஒரு மாதம் க்ரைனிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை.

இப்போது டெல்ஃப்ட் நகரத்தில் நான்காவது மாடியில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். படியேறிப் போகும்படி ஆகிவிட்டது. லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லையாம்.

"க்ரைன் கீழ எறங்கி மூணு நாளாச்சு" என்றாள். இழுப்பு இல்லாமல் பேசினாள். முகத்தில் பழைய நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அன்னைக்கே அக்கா கூப்பிட்டப்ப போயிருக்கலாம்னு தோணுமா?" என்று கேட்டேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது.

காப்பியை ஊற்றிக்கொண்டே, "தோணாத நாள் உண்டா, சீம்?" என்றாள். பிறகு க்ரைனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப் பாக்காதே" என்றான் க்ரைன். "அன்னைக்குக் கதவ உள்ளாற பூட்டினது நீ. நான் வெளியிலதான் இருந்தேன்."

அவள் பிஸ்கட் டப்பாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, லிஃப்ட் ரிப்பேர்க்காரனுக்கு நான்காவது முறையாகப் போன் செய்யப் போனாள்.