கடைமடைக்கு வராத லீக்

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, ஆற்றின் கடைமடையில் இருக்கிறது. கல்லணையில் தண்ணீர் திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மேலே இருக்கிற ஊர்களெல்லாம் நாற்றங்காலுக்குப் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சம்தான் எங்களுக்கு வரும், அதுவும் தாமதமாக. அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, பதற்றம் கிடையாது. அந்தப் பழக்கம்தான் என் மகனை ஏறக்குறைய எங்களிடமிருந்து கொண்டுபோயிற்று.

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. கணவர் விவசாயம் பார்க்கிறார். ஒரே மகன், கால்பந்து வீரன். நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில், வடக்கே ஒரு நகரத்து அணிக்குத் தடுப்பாட்டக்காரனாக ஆடிக்கொண்டிருந்தான். ஒரு சீசன் முடிந்து ஊருக்கு வந்தான். அடுத்த சீசன் தொடங்கவே இல்லை. லீக் அமைப்பையே மாற்றப்போகிறார்கள் என்றார்கள். லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வழக்கு நடக்கிறது, குழு போட்டிருக்கிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு செய்தி. கிளப்புக்கு போன் செய்தால் "கூப்பிடுறோம்" என்றார்கள். பிறகு அந்த போனையும் எடுப்பதில்லை.

ஊரில் மைதானம் இல்லை. அறுவடை முடிந்த வயலில் உளுந்து நிற்கும், கால் வைக்க முடியாது. கோடையில் வறண்டு கிடக்கும் ஆறுதான் அவனுக்கு இடம். மணலில் மூங்கில் நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி கோல் போஸ்ட் செய்திருந்தான். விடிந்ததும் போய் வெயில் ஏறும்வரை தனியாக ஓடுவான், உதைப்பான், தானே போய்ப் பந்தை எடுத்து வருவான். பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நானும் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போவேன். நான் மட்டும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

கணவரின் அண்ணன் பக்கத்து வீடு. சாயங்காலம் மகனைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்னடா, உங்க லீக்குக்கு எப்பத் தண்ணி தொறக்குறாங்க?"

"தெரியல பெரியப்பா. பேசிக்கிட்டிருக்காங்க."

"நாங்க பொறந்ததுலேருந்து அவங்க பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. சரி, எதைத்தான் மாத்தப் போறாங்களாம்?"

"மேல் லீக்குல இருக்கறவங்க எவ்வளவு தோத்தாலும் கீழ வரமாட்டாங்க பெரியப்பா. நாங்க ஜெயிச்சாலும் மேல போறதுக்கு ஆயிரம் நிபந்தனை. இனிமே தோத்தா எறங்கணும், ஜெயிச்சா ஏறலாம், மாநில லீக்குலேருந்தே ஏறி வரலாம்னு கொண்டுவரணுங்கறாங்க."

"அப்ப இத்தன நாளா தலைமடைக்காரன் ஆத்துக்கே பட்டா வாங்கி வச்சிருந்தானா?"

மகன் சிரித்துவிட்டான். அந்த வருஷம் அவன் சிரித்துப் பார்த்தது குறைவு. "அதேதான் பெரியப்பா. நீங்க குழுவுல இருந்திருந்தா என்னிக்கோ முடிச்சிருப்பீங்க."

"கூப்புடச் சொல்லு. பஸ் செலவு மட்டும் குடுத்தாப் போதும்."

நான் சிரிக்கவில்லை. தடுப்பாட்டக்காரனுக்கு ஆடுகிற வயது கொஞ்சம்தான். நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனால் அப்புறம் எவ்வளவு தண்ணீர் வந்தும் பயனில்லை என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்துவிட்டால் அணிக்குத் திரும்புவது நடக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சேரச் சொன்னேன். அவன் பந்துக்குக் காற்றடிக்க உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் மறுநாள் காலையில்தான் வரும் என்று ஊரில் கணக்குப் போட்டிருந்த நாள் அது. விடியற்காலையில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வழிமறித்தேன்.

"இன்னிக்காவது அந்த ஸ்கூலுக்குச் சொல்லுடா."

"தண்ணி வந்துட்டா தை மாசம் வரைக்கும் மணலே கெடைக்காதும்மா. இன்னிக்கு ஒருநாள் ஓடிட்டு வந்துடறேன்."

அந்த வருஷம் ஆற்றையும் வாய்க்கால்களையும் நன்றாகத் தூர்வாரியிருந்தார்கள். மேலே பல ஊர்களில் நாற்றங்காலே தயாராகவில்லை. அதனால் யாரும் மடக்காமல் தண்ணீர் நேரே இறங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு பேசிக்கொண்டது. அன்று எட்டு மணிவாக்கில் தெருவில் யாரோ "தண்ணி வந்துட்டுது" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் தட்டில் பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன். மகன் ஆற்றில் இருக்கிறான் என்பது கரையேறும்வரை எனக்கு நினைவில்லை.

தண்ணீர் நுரையும் சருகுமாக மணலை நனைத்துக்கொண்டு மெதுவாக வந்தது. கணுக்கால் அளவுதான். நடுத்திட்டில் அவன் கோல் போஸ்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மூங்கிலைக் கையில் பிடித்தபடி எங்களை நோக்கி நடந்தான். கரையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

"மெதுவா வாடா, நனைஞ்சிறப் போற!"

"தண்ணி வந்தும் கோலை விடமாட்டேங்குறான் பாரு!"

அவனும் சிரித்தபடி வந்தான். திடீரென்று அந்த இடத்தில் அவன் இல்லை.

மாட்டு வண்டிகளில் மணல் அள்ளிய பள்ளங்கள் அங்கே இருந்தன. காய்ந்த ஆற்றில் அவற்றைத் தினமும் சுற்றிக்கொண்டு ஓடியவன் அவன். செந்நிறத் தண்ணீர் பரவியதும் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிட்டன. முதலில் மூங்கில் மேலே வந்தது. அவன் வரவில்லை. என் கணவரும் பெரியப்பாவும் இறங்கி ஓடினார்கள். சற்றுத் தள்ளியிருந்த படித்துறையில் பெண்கள் பூவைத் தூவிக் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்தக் குலவை மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கை மேலே வந்து மூங்கிலைப் பற்றியது. அதைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். வலை அவன் காலில் சுற்றியிருந்தது.

கரையில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தோம். பெரியப்பா அவன் காலிலிருந்து வலையைப் பிரித்தெடுத்தார். "ஏன்டா, போயும் போயும் ஒரு மூங்கிலுக்காகவாடா?"

"அது ஒண்ணுதான் மெதந்துச்சு பெரியப்பா."

நான் அவன் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பள்ளிக்கு இப்போதே சரி என்று சொல்லச் சொன்னேன். நடுங்கிக்கொண்டே தலையாட்டினான்.

பள்ளியில் சேர்ந்தான். தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் வந்தான். நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. ஆனால் ஊருக்கு வரும் நாட்களில் விடியலுக்கு முன்பே அவன் விழித்துக்கொள்வதைக் கவனித்தேன். எழுந்திருக்க மாட்டான். கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பான். ஆற்றில் தண்ணீர் ஓடும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு தனித்தனியாகக் கிடந்தோம்.

ஐப்பசி மழையில் அந்தச் செய்தி வந்தது. லீக் மறுபடி நடக்கும், ஏறி இறங்கும் முறை வரும், மாநில லீக்குகள் அடிப்படையாக இருக்கும். அவனுடைய பழைய அணி அதில் இல்லை; கலைந்துவிட்டது. சென்னையில் ஓர் அணி தேர்வுக்கு அழைத்திருந்தது. அந்த அணி ஆடுவது எல்லாவற்றிலும் அடியில் இருக்கிற மாநில லீக்கில். செல்போனில் எனக்குக் காட்டிவிட்டு, "நல்ல திட்டம்மா" என்றான். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். "நீ போய்ப் பாரேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "ஸ்கூல்ல லீவு தரமாட்டாங்கம்மா. விட்டுட்டுத்தான் போகணும். எடுப்பாங்களான்னும் தெரியாது."

"அதெல்லாம் தெரியும்டா."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அது போகாதுடா. ஆத்தங்கரையில நான் கேட்டேன்னு நீ இங்க கெடக்க வேணாம்."

தட்டைக் கழுவி வைத்தான். பிறகு பரணில் ஏறி ஷூ இருந்த பையைத் தேடினான்.

அவன் கிளம்பிய அன்று மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் பெரியப்பா குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"என்னடா, கடைமடைக்கு வந்துட்டுதா?"

"தொறந்திருக்காங்க பெரியப்பா. இங்க வரைக்கும் வருமான்னுதான் போய்ப் பாக்கணும்."

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த பஸ் பாலத்தைத் தாண்டி மறுகரை போய்ச் சேரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.