கண்ணை மூடாத ஜெபம்

விடிந்ததும் வீடு தேடிப் போய் ரத்தம் எடுப்பவளை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. காபிக்கு ஏங்கும் வயிறும் ஊசிக்கு நடுங்கும் கையுமாக வந்துதான் எனக்குக் கதவைத் திறப்பார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகப் பதினாறு வருடமாக ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். என்னை யாராவது குத்த வந்தால் எனக்கும் தலை சுற்றும்.

பார்த்துவிட்டார்

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ஒரு நொடி கண்ணை மூடி, "ஆண்டவரே, ஒரே குத்தில் முடியட்டும்" என்று மனதுக்குள் சொல்வது என் வழக்கம். நோயாளிகள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை யாரும் கவனித்ததில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் தனம்மா அக்கா மட்டும் சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலில் ஆறாத புண். ஆறு வாரத்துக்குள் சர்க்கரை இறங்கிப் புண் மூட ஆரம்பித்தால் விரல் தப்பிக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் பரிசோதனை. முதல் நாள், கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியின் மூடியைக் கழற்றி, வழக்கம்போலக் கண்ணை மூடினேன். நான் பிடித்திருந்த அவர் கை சட்டென்று பின்னால் போனது.

"இன்னாம்மா இது! ஊசிய கைல வெச்சிகினு நீ கண்ண மூடிக்கினா, நான் எங்கம்மா போவேன்?"

இரண்டு தவறு

அது ஜெபம்தான் என்று எப்படியோ சமாதானம் சொல்லி அன்று எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கண்ணை மூடவில்லை. கண்ணை மூடாமல் எப்படி ஜெபிப்பது என்று தெரியாததால் ஜெபிக்கவும் இல்லை. அவர் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் இருக்கும் என்று நானாக நினைத்துக் குத்தினேன்; தவறியது. இன்னொரு இடத்தில் குத்தினேன், அதுவும் தவறியது.

ஜெபிக்காததற்குத் தண்டனை என்று நான் சொல்ல மாட்டேன். அவசரப்பட்டதுதான் காரணம். அந்த ஒரு நொடி ஜெபம் இத்தனை வருடமும் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. அது போனதும் கை தானாக ஓடிவிட்டது. தனம்மா அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வெரலு போனா போவட்டும். நீ இனிமே இந்தாண்ட வராத."

அப்பம் சேருமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எஸ்தர் டீச்சர் வீடு. சிறுவயதில் எனக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர். காலை ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "வெறும் வயிறுதானே, டீச்சர்?" என்று கேட்டேன். "திருவிருந்து எடுத்தேன். ஒரு சின்னத் துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சரசம். அது சேருமா?" என்றார்.

ஆண்டவரின் உடலாகவும் ரத்தமாகவும் நாங்கள் எடுப்பதை வெறும் அப்பம், வெறும் ரசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண், "அதுல சக்கரை உண்டா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று பையை மூடினேன். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து டீச்சர் காரணம் கேட்டார். தனம்மா அக்காவின் விரலில் தொடங்கி, கண்ணை மூடிய கதை வரை எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அடியே, கண்ணை மூடச் சொன்னது நான்தான். ஜெப நேரத்துல நீ பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளாம இருக்கணுமே!"

மூன்றாவது குத்து

மறுநாள் டீச்சருக்கு எடுத்து முடித்த கையோடு காசிமேடு போனேன். வராதே என்ற வீட்டுக்குப் போவது சுலபமில்லை. "ஒரே ஒரு தடவை அக்கா. தவறினால் வேறு ஆளை அனுப்புகிறேன்" என்று வாசலில் நின்றே கேட்டேன். அவர் கையை நீட்டினார்.

முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்துக் காத்திருந்தேன். கண் திறந்தே இருந்தது. ஐஸ்பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்தேன். காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்கட்டைப் பார்த்தேன். இந்தக் காலில்தான் இவர் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறார். "ஆண்டவரே, இந்த விரல்" என்று மட்டும் மனதுக்குள் வந்தது. இத்தனை வருடம் கண்ணை மூடி, என் குத்து தவறாமல் இருக்கத்தான் வேண்டியிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. விரலுக்கடியில் மெத்தென்று ஏதோ எம்பியது. கண்ணுக்குத் தெரியாத நரம்பு அங்கேதான் இருந்தது. குத்தினேன். ரத்தம் குழாயில் ஏறி நின்ற பிறகும் அவர், இந்த முறை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, குத்துவியா மாட்டியா?"

ஊசி இல்லாத நாள்

அதன் பிறகு வாரம் தவறாமல் போனேன். சர்க்கரை ஒரு வாரம் இறங்கியது, மறுவாரம் ஏறியது, பிறகு இறங்கி அப்படியே நின்றது. ஆறாவது வாரம் புண்ணைப் பார்த்த டாக்டர், ஓரத்தில் புதுத் தோல் வந்துவிட்டது, விரலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்தியை அக்காவே போனில் சொல்லி, மீன் கடைக்கு வரச் சொன்னார். போனேன். காலில் புதிய ரப்பர் பூட்ஸ். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வாங்குகிறவர்களைக் காத்திருக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க சாமிக்கு தேங்க்ஸு சொல்லு. இன்னிக்கு ஊசி இல்ல, நல்லா கண்ண மூடிக்க. நான் பாத்துக்கறேன்."

இப்போதெல்லாம் வீடு வீடாகக் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறேன். இதுவரை ஆண்டவரும் குறை சொல்லவில்லை, யாரும் கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.