துண்டு இல்லாத குழம்பு

ராசிபுரம் தாண்டி, கோழிப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சாலையோர மெஸ். சமையல், பரிமாறல், கல்லா எல்லாம் ஒரே அம்மாள்தான். ஆட்டுக்கறி பூமியை எப்படிச் சூடாக்குகிறது என்று பெங்களூரிலிருந்து வழியெல்லாம் ஏசி காரில் எனக்குப் பாடம் எடுத்த நண்பர், இலை முன்னால் உட்கார்ந்ததும் அறிவிக்கிறார்: "நான் கறிய விட்டுட்டேங்க."

"வெரதமுங்களா சாமி?"

"இல்லைங்க. பூமி சூடாகுது, அதுக்காக."

"எத்தன நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்."

துக்கம் நடந்த வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்கிறார் அந்த அம்மாள். பிறகு எனக்காக மட்டன் குழம்பு வாளியைத் திறக்கிறார். வாசனை வந்ததும் நண்பரின் கொள்கை கொஞ்சம் நெளிகிறது.

"எனக்குக் குழம்பு மட்டும் ஊத்துங்க. துண்டு வேண்டாம்."

"எங்க ஊட்டுக்காரரும் பொரட்டாசியில இப்படித்தானுங்க. பெருமாளுக்காகத் துண்ட மட்டும் தொடமாட்டாரு."

கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கி ஊற்றியும் ஒரு துண்டு வழுக்கி இலையில் விழுகிறது. நண்பர் அதையே பார்க்கிறார்.

"சாப்பாட்ட வீணாக்குறது பூமிக்கு இன்னும் கெடுதல்" என்று வாயில் போட்டுக்கொள்கிறார்.

அடுத்த கரண்டியில் அந்த அம்மாள் நாலு துண்டைத் தவறவிடுகிறார்.