கண்ணாடிக்கு முன்னால் ஒரு மூச்சு

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் என் வீட்டுக்காரர். லீவு போடக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாது. அவருக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அவருடைய வேலை காற்றை அளப்பது. ஆய்வுக்கூடத்தின் நாலாவது மாடியிலிருந்து லேசர் ஒளியை அனுப்புவார். அது வாய்க்காலைத் தாண்டி, எழுநூறு மீட்டர் தள்ளியிருக்கும் இரும்புக் கோபுர உச்சியில் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வழியில் ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தனக்கான நிறத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். எது எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை அந்தக் கண்ணாடியைத் துடைப்பவன் என் தம்பி. குனிந்து துடைக்கும்போது அவன் விடுகிற மூச்சுகூட இவருடைய திரையில் கரியமில வாயுவாக ஏறி இறங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைடா மச்சான் என்று இவர் கிண்டல் செய்வார்.

அன்றைக்குப் பட்டப்பகல். மணி 4:03. திரையில் மூச்சு தெரிந்தது, நாலு நொடிக்கு ஒன்று. துணி படும்போதெல்லாம் ஒளி விட்டுவிட்டு மறையவேண்டும். மறையவில்லை. மூச்சு மட்டும்...

அவருக்கு என்னவோ போலிருந்தது. 4:06க்குத் தம்பியை போனில் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அத்தான், நான் இன்னும் கீழதான் நிக்கிறேன்."

"அப்ப மேல யாரு?"

"யாரும் இல்ல. மெஷினைப் பாருங்க. நீங்க வராதீங்க."

அவன் குரலேதான். இவரும் நம்பிவிட்டார். லென்ஸைத் துடைத்தார். கருவியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்.

4:12. மூச்சு இருந்தது. இப்போது ஏழு நொடிக்கு ஒன்று.

மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

4:16. பதினோரு நொடி...



4:18. ஒரு மூச்சு. சின்னதாக.

அப்புறம் கோடு நேராகப் போனது.

ஓடினார். வாய்க்கால் பாலம் வழியாகச் சுற்றிப் போய், ஏணியில் ஏறி முடிக்கும்போது மணி 4:31. என் தம்பி கண்ணாடிக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தான். துணி மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். விழுந்த பிறகும் கால் மணி நேரம் மூச்சு இருந்திருக்கிறதாம். உடனே யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பானாம். இவர் தம்பியின் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் திரும்பத் திரும்பத் துழாவினார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், "அவன் போன் எங்க?"

சமையலறை மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் அதை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

இவருடைய போனில் 4:06க்குப் பேசியது பதிவாகியிருக்கிறது. முப்பத்தெட்டு நொடி. தம்பியின் போனில் எந்த அழைப்பும் இல்லை. அன்று தகவல் வரும்வரை நான் அதன் பக்கத்தில்தான் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அடிக்கவே இல்லை.