நான் தின்றுவிட்ட ஒன்றரை நாள்

என் மனைவியை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்றுதான் கரியாலூரில் அறை பிடித்தேன். பிடித்தேன் என்ன, பிடிக்க வைத்தாள். எங்கள் பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். மாசியில் அவளுக்குப் பிரசவம். ஒத்தாசைக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று இவள் தையிலேயே கிளம்பினாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"பெத்த பொண்ணு என்னிய சிங்கப்பூருக்கே இட்டுக்கினு போறா. நீங்க இருவத்தாறு வருஷத்துல கரியாலூருக்கு இட்டுக்கினு போவல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காயில் எரிந்த மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு, காயும் பயிரை நினைத்து அழாத குறையாக வருகிறவனையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட என்னிடமே ஒருத்தி நக்கல் அடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். மலை மேல் இருக்கும் கரியாலூர் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் எப்போதும் போகவில்லை.

திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டுவதற்குள் அங்கே போனில் விசாரித்து ஒருவரைப் பிடித்தேன். மலைக்காரர். தன் நிலத்திலேயே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர். சித்திரையில் இவள் வந்த மறுவாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டாயிரம். நாலாயிரத்தையும் அன்றைக்கே போனில் அனுப்பிவிட்டு அவளுக்குச் செய்தி போட்டேன். சிங்கப்பூரில் இறங்கியதும் பதில் வந்தது: "நம்ப மாட்டேன்."

அப்புறம் நோய் வந்தது. எல்லோரும் பயந்தார்கள். நான் பயந்தது மட்டும் வேறு ரகம். கடைகளை மூடச் சொன்ன அன்று ஐந்து கிலோ உப்பு வாங்கினேன். ஏன் உப்பு என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர், "வேற இன்னா வேணும்?" என்றார். "இன்னும் ரெண்டு கிலோ உப்பு," என்றேன். அந்த ஏழு கிலோவைக் கட்டிலுக்கடியில் தள்ளிய கையோடு மலைக்குப் போன் போட்டேன்.

"அந்த அட்வான்ஸத் திருப்பி அனுப்புப்பா. ரூம் வேணாம்."

"ஏன் ண்ணா, அக்கா வர்லியா?"

"ஒலகமே நின்னுபோயி கெடக்குது. அக்கா வர்லியான்னு கேக்கறியே."

"பணம் கைல இல்ல ண்ணா. மேல ஓடு மாத்திட்டேன். பலா இருக்குது. ஏவாரிங்க யாரும் மல ஏறல, மரத்துலயே பழுத்து வுழுது. பழம் எரநூறுன்னு போட்டுக்கினு அனுப்பட்டா?"

ஊரில் அரிசி பருப்பு தீர்ந்துபோகப் போகிறது, கடைசியில் உப்பும் நானும்தான் மிஞ்சுவோம் என்று நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்றேன். நாலாயிரத்துக்கு இருபது பலாப்பழம். ஒற்றை ஆளுக்கு. கிழங்கும் பழமும் ஏற்ற பாஸ் வாங்கிய மினி லாரி ஒன்று வாரம் இருமுறை இறங்கி வரும், தடவைக்கு ஒரு பழமாக வாசலில் வைத்துவிட்டுப் போகும் என்று ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அவளுடைய போன். விமானங்களை நிறுத்திவிட்டார்கள் என்றாள். பேரக்குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

"அந்த ரூம இன்னா பண்ணீங்க?"

"ரூமா? இருக்குது."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "இருக்குதுல்ல? அது போதும்," என்றாள். "என்னிக்கு வுட்டாலும் வந்துடுவேன். வந்ததும் மலைக்குத்தான்." பெண் இருப்பது சின்ன ஃப்ளாட். மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே ஆபீஸ். இவள் அடுப்பங்கரையில் சுவரோரம் நின்று குரலைத் தணித்துப் பேசுவாள். அதன் பிறகு தினமும் போனை வைக்குமுன் அதே கேள்வி. தினமும் அதே பதில்.

அவளுடைய ரிட்டர்ன் டிக்கெட்டோடு டிராவல்ஸ்காரர் இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார். அவர் கடை ஷட்டர் மூடிக் கிடந்தது. பாலிசியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் குரல், அச்சடித்த மாதிரி.

"பயணிக்கு நோய்த்தொற்று உறுதியாகியிருக்கிறதா, சார்?"

"இல்லம்மா, நல்லா இருக்கறா."

"அப்படியென்றால் க்ளெய்ம் வராது, சார்."

"ப்ளேனே ஓடலியேம்மா."

"அதை விமான நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும், சார்."

"எனக்குத் தூக்கம் இல்ல. தும்மல் வந்தா கை கால் நடுங்குது. அதுக்கு எதனா வருமா?"

"நீங்கள்தான் பயணியா, சார்?"

"இல்ல. வூட்டுக்காரரு."

"பயத்துக்குக் கவரேஜ் இல்லை, சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அன்று முழுக்க நான் பேசிய ஒரே ஆள் அந்தப் பெண்தான். வைத்துவிடுவாளே என்று இருந்தது. "சாப்ட்டியாம்மா?" என்றேன். "சாப்பிட்டேன், சார்," என்று வைத்துவிட்டாள். விமான நிறுவனம் பணத்துக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கத்தில் ஒரு வவுச்சர் கோடு அனுப்பியது. ஒரு வருடத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாமாம். காலண்டரில் எழுதி வைத்தேன். பேப்பரில் கோடு, வாசலில் பலாப்பழம். ரீஃபண்ட் என்று சொல்லி எதையாவது கொடுத்தது மலைக்காரர் மட்டும்தான்.

முதல் பழத்தைக் கிணற்றடியில் வைத்துத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அதன் முள்ளுக்குள் நுரை போனதே தவிர வெளியே வரவில்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "பலாவுக்கு இன்னா, நாளிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார். பாதியை அறுத்து வாழை இலையில் வைத்து அவர் வாசலுக்கு எடுத்துப் போனேன். "அங்கியே வைங்க! கிட்ட வராதீங்க!" என்றார். வைத்தேன். கதவு திறக்கவில்லை. மறுநாள் ஒரு மாடு வந்து நிதானமாகத் தின்றது.

பலாப்பழம் ஒற்றை ஆளுக்கான பண்டமில்லை. ஒருவர் கத்திக்கு எண்ணெய் தடவ, ஒருவர் பிளக்க, ஒருவர் சுளைமேல் ஒட்டிய சடை எடுக்க, சுற்றி நாலு பேர் சுளைக்குக் கைநீட்ட வேண்டும். நானே பிளந்து, நானே உரித்து, நானே கைநீட்டினேன். ஒரு சாயங்காலம் முழங்கை வரை பிசினோடு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. திரையில் அவள் முகம். விரலால் தொட்டால் போன் கையோடு வந்துவிடும். குனிந்து மூக்கால் தள்ளினேன்.

"இன்னாங்க, வெறும் மூக்கு தெரியுது?"

"மூச்சு வுடறேன்னு காட்டறேன்."

"பின்னால இன்னா அது, மூணு? பலாவா?"

"சீசன்."

"யாரு துன்றது அத்தினியும்?"

மூன்றாம் வாரம் வயிறு போனது. நோயின் அறிகுறி வயிற்றிலும் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உயில் எழுத உட்கார்ந்தேன். கடை, பைக், உப்பு ஏழு கிலோ என்று எழுதியபிறகு சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன்.

"காய்ச்சல் இருக்குதா?"

"இல்லீங்க."

"இன்னா சாப்ட்டீங்க?"

"பலாப்பழம்."

"எவ்ளோ?"

"முழுசு."

நர்ஸம்மா "வூட்ல வேற யாரும் இல்லியா, தடுக்கறதுக்கு?" என்றார்.

வைகாசித் தொடக்கத்தில் ஒருநாள் அவள் வழக்கத்தைவிடக் குரலைத் தணித்துப் பேசினாள். இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம், பெண்ணும் தலையாட்டுகிறாளாம். "நான் சொல்லிட்டேன். ரூமு போட்டு வெச்சிருக்காரு, பணம் கட்டியாச்சு, வண்டி வுட்ட அன்னிக்கே போயாவணும்னு." கையில் இருந்த சுளையை இலையில் வைத்துவிட்டேன். இல்லாத அறையைக் காட்டி அவள் வீடு திரும்ப வாதாடிக்கொண்டிருக்கிறாள். நானோ அந்த அறையின் பதினைந்தாவது பழத்தில் இருக்கிறேன்.

உடனே மலைக்குப் போன் போட்டேன்.

"ஏம்பா, பழம் போதும். எனக்கு அந்த ரூமே வேணும்."

"அதத்தான் துன்னுட்டீங்களே ண்ணா."

"சிரிக்காத. எவ்ளோ மிச்சம் இருக்குது?"

"அஞ்சு பழம். ஆயிர ரூவா. அர நாளு வரும்."

"வெளையாடறியா? ஒத்தாளு வராத எடம். சும்மா கெடக்கற ரூமுதான?"

"சும்மா எங்க ண்ணா கெடக்குது? டெய்லி போயி கூட்டறேன். கூட்டிட்டு செத்த நேரம் குந்திக்கினு வரேன். பேசக்கூட ஆளு இல்ல." பிறகு உடனே வியாபாரியாகிவிட்டார். "அர நாளுன்னா அர நாளுதான் ண்ணா. எனக்கும் கஷ்டம்."

மீதிப் பணத்தைக் கொடுத்து முழுசாக எடுக்கலாம்தான். கடை மூடி இரண்டு மாதம். கட்டிலுக்கடியில் உப்புதான் இருந்தது.

மறுநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். பயந்துபோய் முதல் நாளே ரத்து செய்தது, பழமாக வாங்கியது, தினமும் பொய் சொன்னது, எல்லாவற்றையும். நடுவில் இரண்டு இடத்தில் சிரிப்பு வருகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது, திரையில் தோள் மட்டும் தெரிந்தது. கடைசியில் கேட்டாள்.

"அர நாளுன்னா எந்த அர நாளு?"

"இன்னா?"

"காலியிலியா, சாய்ங்காலமா?"

"நீயே சொல்லு."

"காலியில. பனி மாதிரி மஞ்சு எறங்கும்னு சொல்லுவாங்க," என்று வைத்துவிட்டாள். அறை இருக்கிறதா என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத சாயங்காலங்களில் சீக்கிரமே பேச்சு தீர்ந்துபோனது. பழத்தை அன்றே நிறுத்தியாயிற்று, சீசனும் முடிந்தது. பிசின் பிடித்த கத்தியைச் சுரண்டிக்கொண்டு கிணற்றடியில் எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசியில்தான் வந்தாள், சிறப்பு விமானத்தில். காலண்டரில் இருந்த கோடு அந்த விமானத்துக்குச் செல்லாது என்றுவிட்டார்கள். வந்தவளைப் பதினாலு நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். ஒன்பது மாதம் கழித்து வீடு வந்தவள் உள்ளறையில், நான் கூடத்தில். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பேன். "அங்கியே வைங்க, கிட்ட வராதீங்க," என்று எதிர்வீட்டு அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுவாள். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் விடியற்காலை கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பைக்கில் மலை ஏறினோம். வழியெல்லாம் அவள் குளிருக்கு என் முதுகில் முகத்தை ஒட்டி வைத்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் கரியாலூர். மலைக்காரர் புது ஓட்டைப் பெருமையாகக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மஞ்சு ஜன்னலுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே இருந்தாள். மஞ்சு விலகியது, வெயில் வந்தது, எதிர்ச்சரிவில் சாமைக் காடு தெரிந்தது. அப்போதும் பார்த்தபடியே இருந்தாள்.

"இவ்ளோ கிட்டத்துலியா இருந்துது?" என்றாள்.

நான் நாற்காலியில் இருந்து எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே மலைக்காரர் துடைப்பத்தோடு நின்று தொண்டையைக் கனைத்தார்.