சிவப்புக் கோதுமை முளைக்கவில்லை

பினாங்கில், எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முளைப்பாலிகை போட்டுவிடுவோம். ஒன்பது தானியத்துக்கும் தனித்தனி மண்சட்டி. ஒன்று முளைக்காவிட்டாலும் அம்மாவுக்கு அது கெட்ட சகுனம். தங்கைக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம், பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிருந்தது. அதனால் இந்த முறை இன்னும் பயம்.

"கடைத் தானியம் பழசு லா. உன் லேப்ல புது கோதுமை இருக்குமே, கொண்டா," என்றார் அம்மா.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டிய அறைக்குள் கோதுமை வளர்க்கிறோம். அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. வெள்ளையில் ஒரு பிடி, சிவப்பில் ஒரு பிடி கேட்டு வாங்கி, ஜெலுத்தோங் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"நல்ல காரியத்துக்கு வெள்ளையா? செவப்பப் போடு," என்றார் அம்மா.

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். கோதுமை மணிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் மரபணுதான் அதை முளைக்கவிடாமல் தூங்கவும் வைக்கிறது. அப்படி மூன்று மரபணுக்கள். ஒன்று வேலை செய்தாலும் மணி சிவப்பு, மூன்றும் படுத்துவிட்டால்தான் வெள்ளை. வெள்ளை, மழை பட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். சிவப்பு, அதுவும் புத்தம் புதியது, பினாங்குச் சூட்டில் லேசில் கண் திறக்காது. இதைப் படித்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் கல்யாண வீட்டில் அம்மாவிடம் யார் வாதாடுவது?

மூன்றாம் நாள் பயறெல்லாம் தலைநிமிர்ந்து நின்றது. கோதுமைச் சட்டியில் வெறும் மண். அம்மா சோற்றைத் தொடவில்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சம்பந்தியம்மா போனில் விசாரித்தபோது, "நல்லா வந்திருக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்தார். எனக்கும் பயம்தான். காரணம் தெரிந்தவளுக்கு என்ன பயம் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு வழி இருந்தது. நனைந்த விதைக்குக் குளிர் காட்டினால் தூக்கம் கலையும். சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தங்கை பிரிட்ஜை மறித்து நின்றாள்.

"வைக்காதீங்கக்கா."

"ரெண்டு நாள்தான். அப்புறம் முளைச்சிரும்."

"அதான் வேணாம். முளைக்கக்கூடாதுன்னுதான் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

பிரிட்ஜ் கதவில் சாய்ந்துகொண்டாள். "அந்தக் கல்யாணம் நின்னப்ப அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. இப்ப நானே எப்படி வேணாம்னு சொல்றது? இது முளைக்கலன்னா அவங்களே நிறுத்திடுவாங்கல்ல?"

செபராங் ஜெயாவில் மண்டபம் பிடித்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இவளோ ஒரு பிடி விதையை நம்பி நிற்கிறாள். வெள்ளையைப் போட்டிருந்தால் முளைத்திருக்கும். இவளும் வாயே திறக்காமல் மணையில் போய் உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் உண்மையாகவே பயந்தேன்.

சட்டியைத் தரையில் வைத்தேன்.

"அம்மா, இங்க கொஞ்சம் வாங்க," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன்.